கண்ணை மூடினால் தெரிகிற வெளிச்சம்

அரசு மருத்துவமனைக் கண் வார்டில் தாதியாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். ஓய்வுபெற்ற பிறகும் மலாக்காவின் பாச்சாங் வட்டாரத்தில் என் பெயர் ‘கண்ணு மிஸி’தான். சந்தையில், கோயிலில், கல்யாண மண்டபத்தில் யாராவது ஒருவர் என்னைத் தனியாக அழைத்துப் பேசுவார். பார்வை மங்குகிறது, கண் எரிகிறது என்றால் நாலு பேர் நடுவிலேயே சொல்லிவிடுவார்கள். ஒன்றை மட்டும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்: “மிஸி, கண்ண மூடுனா உள்ள என்னமோ தெரியுது.”

சிலருக்கு நிற வளையங்கள், சிலருக்கு வலை, சிலருக்கு ஓரத்தில் மின்னல். முகங்கள் தெரிவதாகச் சொன்னவர்களும் உண்டு. எல்லோருக்கும் உள்ளே பயம் இருக்கும். கண் போகப் போகிறதா? புத்தி பிசகுகிறதா? யாராவது ஏதாவது செய்துவிட்டார்களா? தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த மூன்றாவது பயம்தான் முதலில் வரும். இதில் பெரும்பாலானவற்றுக்கு என் பதில், “ஒண்ணுமில்ல, நல்லாத் தூங்குங்க” என்பதுதான். சிலவற்றுக்கு மட்டும், “இப்பவே காடி எடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்பேன். எதற்கு எந்தப் பதில் என்று பிரித்தறிவதைத்தான் இத்தனை ஆண்டு வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது.

மூடிய கண்ணுக்குள் தெரிவதை நோயாளியிடம் கேட்டு, அதையும் வைத்து அறுவைச் சிகிச்சையை முடிவுசெய்த காலம் ஒன்று இருந்தது. இளம் தாதிகள் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கண்ணில் பூ (கண்புரை) முற்றி, பாப்பா முழுக்க வெள்ளையாகி வருவார்கள் தோட்டத்துப் பெரியவர்கள். அந்த வெள்ளையைத் தாண்டி டாக்டரின் விளக்கு உள்ளே போகாது. பூவை எடுத்துவிடலாம். ஆனால் பின்னால் இருக்கிற விழித்திரை உயிரோடு இருக்கிறதா என்று தெரியாமல் எடுத்து என்ன பயன்? இன்றைக்கு ஒலியலைக் கருவியை இமைமேல் வைத்தால் விழித்திரை ஒட்டியிருக்கிறதா, கழன்றிருக்கிறதா என்று திரையில் தெரிந்துவிடுகிறது. அன்று எங்கள் கையில் இருந்தது பேனா அளவுக்கு ஒரு டார்ச்.

அறையை இருட்டாக்குவோம். நோயாளி கண்ணை மூடிக்கொள்வார். டார்ச்சின் முனையை இமையின் வெளி ஓரத்தில் படுவதும் படாததுமாக வைத்து, மெல்ல முன்னும் பின்னும் ஆட்டுவேன். முதலில், “சிவப்பா இருக்கு” என்பார்கள். ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சிறிது நேரத்தில் முகம் மாறும். “ஐயோ மிஸி, ஏதோ வேர் மாதிரி கெளகெளயா ஓடுது!” ஒரு பாட்டி, ரப்பர் இலை மட்கி நரம்பு மட்டும் மிஞ்சினால் எப்படியிருக்குமோ அப்படித் தெரிகிறது என்று காற்றில் விரலால் வரைந்து காட்டினார். காய்ந்த குளத்துச் சேறு வெடித்தது போல் என்றவர்களும் உண்டு. பல மாதங்களாக எதையுமே தெளிவாகப் பார்க்காதவர்கள், கண்ணை மூடிக்கொண்டு அவ்வளவு நுணுக்கமான ஒன்றைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அவர்கள் பார்த்தது தங்கள் விழித்திரையின் சொந்த ரத்தக் குழாய்களின் நிழலை. ஒளியை உணரும் செல்களுக்கு முன்னால்தான் அந்தக் குழாய்கள் கிளைவிட்டு ஓடுகின்றன. ஆகவே நம் எல்லோருக்கும் அந்த நிழல் எப்போதும் விழுந்துகொண்டே இருக்கிறது. அது அசையாமல் ஒரே இடத்தில் விழுவதால் மூளை அதைக் கணக்கில் எடுப்பதில்லை. டார்ச்சை ஓரத்தில் வைத்து ஆட்டினால் நிழல் இடம் மாறுகிறது, உடனே மூளை கவனிக்கிறது. பொஹீமியாவில் பிறந்த யான் புர்க்கின்யே என்ற மருத்துவர் இதை 1819இலேயே எழுதிவைத்தார். அவர் பெயரால் அதை ‘புர்க்கின்யே மரம்’ என்றே சொல்கிறார்கள். மரம் தெரிந்தால் விழித்திரையின் நடுப்பகுதி வேலை செய்வதாக நம்பலாம். தெரியவில்லை என்றால் விழித்திரை கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. நல்ல கண் உள்ளவர்களிலும் சிலருக்கு அது தெரியாது.

இந்தச் சோதனையில் தாதிக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. “மரக்கிளை தெரியுதா?” என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால், பெரியவர்கள் மிஸி மனம் நோகக் கூடாதே என்று, “ஆமாங்க, தெரியுது” என்று சொல்லிவிடுவார்கள். “என்ன தெரியுது?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வார்டில் எப்போதும் அவசரம்தான். இருந்தாலும் அந்தச் சில நிமிடங்களைப் பறிகொடுக்க நான் சம்மதித்ததே இல்லை.

இனி, டார்ச் எதுவும் இல்லாமலே தெரிகிற வெளிச்சத்துக்கு வருகிறேன். விழித்திரைக்கும் அதன் நரம்புக்கும் ஒரே ஒரு சேதிதான் தெரியும்: வெளிச்சம். ஒளி பட்டாலும், விரல் அழுத்தினாலும், மின்சாரம் பாய்ந்தாலும், உள்ளே ஏதாவது இழுத்தாலும் அது ‘வெளிச்சம்’ என்றே மூளைக்குச் சொல்லும். ஜெர்மனியின் யோஹன்னஸ் முல்லர் 1826இல் இதை ஒரு விதியாகவே எழுதினார். நீங்களே பார்க்கலாம். கண்ணை மூடி, இமையின் வெளி ஓரத்தில் விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். மூக்குப் பக்கம் ஒரு வளையம் தெரியும். கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக, இடவலம் மாறி விழுவதால், வெளி ஓரத்து விழித்திரை எதைச் சொன்னாலும் அது மூக்குப் பக்கமிருந்து வந்ததாகவே மூளை எடுத்துக்கொள்கிறது. நியூட்டன் 1660களில் விரலோடு நிறுத்தவில்லை. தடித்த ஊசி ஒன்றைக் கண்ணுக்கும் எலும்புக்கும் நடுவில் செருகி அழுத்தி, தெரிந்த வளையங்களைத் தன் குறிப்பேட்டில் படமாக வரைந்துவைத்தார். அதை யாரும் செய்துபார்க்கக் கூடாது. பிள்ளைகள் வண்ணம் தெரிகிறது என்று கண்ணைக் கசக்கி விளையாடுவதையும் தாய்மார்கள் தடுக்க வேண்டும். ஓயாமல் கசக்கினால் கருவிழி மெலிந்து கூம்பிப்போகும். கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களும் அறுவை செய்துகொண்டவர்களும் கண்ணை அழுத்தவே கூடாது.

யாரும் தொடாமல், கும்மிருட்டில் சும்மா கண்ணை மூடிப் படுத்தாலும் முழுக் கறுப்பு தெரியாது. சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ கொதித்துக்கொண்டிருக்கும். இருட்டில் பார்ப்பதற்கென்று ஒவ்வொரு கண்ணிலும் ஏறத்தாழ 10 கோடி கோல் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒளிக்காகக் காத்திருக்கும் மூலக்கூறுகள் கோடிக்கணக்கில். உடல் சூட்டிலேயே அவற்றில் ஒன்று எப்போதாவது தானாக உருமாறும், செல்லும் வெளிச்சம் வந்துவிட்டதாகச் சேதி அனுப்பிவிடும். ஒரு செல்லுக்கு இது அபூர்வம்தான். 10 கோடி செல்கள் இருக்கும்போது எங்காவது ஒன்று எப்போதும் பேசிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே அந்தச் சாம்பல் தூளைக் கண்டு பயப்படாதீர்கள். கண் உயிரோடு இருப்பதற்கு அது அடையாளம்.

பொடியும் வளையமும் சரி, வலையும் சுருளும் சதுரக்கட்டமும் எங்கிருந்து வருகின்றன? இந்தக் கட்டங்களைத் தோட்டத்துப் பிள்ளைகள் அனைவரும் அனுபவித்திருப்பார்கள். ஜாசின் பக்கத்திலிருந்து டவுனுக்கு பஸ்ஸில் வரும்போது காலை வெயில் ரப்பர் நெரைகளுக்குள் சாய்வாக விழும். நேர்நேராக நட்ட மரங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடினால், வெயிலும் நிழலும் மாறிமாறி இமையில் அடிக்கும். சிறிது நேரத்தில் உள்ளே சிவப்பும் பச்சையுமாகக் கட்டங்கள் எழும், சுழலும், தேன்கூடாக மாறும். பள்ளிக்கூட நாளில் என் தோழிகளும் நானும் இதற்காகவே வெயில் பக்கம் இடம் பிடிப்போம். செம்பனை நட்ட பிறகு அந்தப் பக்கங்களில் நெரையின் இடைவெளியும் மாறிவிட்டது, நிழலும் மாறிவிட்டது.

அதே புர்க்கின்யே சின்ன வயதில் சூரியனைப் பார்த்துக் கண்ணை மூடி, விரல்களை விரித்துக் கண் முன்னால் ஆட்டி, தெரிந்த சதுரங்கக் கட்டங்களைப் பிற்பாடு வரைந்து வெளியிட்டிருக்கிறார். பிரையன் கைசின் என்ற ஓவியர் 1958 டிசம்பரில் பிரான்சின் மார்செய் பக்கத்தில் மாலை வெயிலில் பஸ்ஸில் போனபோது, சாலை மரங்களின் நிழல் மூடிய கண்ணில் அடித்து இதேபோல் வண்ணக் கோலங்களைக் கண்டார். பின்னர் நண்பர் ஒருவரோடு சேர்ந்து, ஓட்டை போட்ட உருளைக்குள் விளக்கை வைத்துச் சுழற்றி அதைக் கருவியாகவே ஆக்கினார். வெளிச்சம் வினாடிக்கு எட்டிலிருந்து பதின்மூன்று முறை வரை மின்னினால் கோலங்கள் நன்றாக எழும். காக்காய் வலிப்பு உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் மின்னும் வெளிச்சம் ஆகாது. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு ‘போக்கேமான்’ கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறிமாறி மின்னிய காட்சியால் 600க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பிள்ளைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

எந்த ஊர்க்காரரைக் கேட்டாலும் இந்தக் கோலங்கள் ஒரே மாதிரி இருப்பதுதான் எனக்குப் பெரிய அதிசயம். ஹைன்ரிக் க்ளூவர் என்பவர் 1920களில் இதை ஆராய்ந்து, தேன்கூடு அல்லது கட்டம், சுரங்கம், சுருள், சிலந்திவலை என்று நாலே வகையில் அடக்கினார். சீன நோயாளியும் மலாய் நோயாளியும் தமிழ் நோயாளியும் இந்த நாலில் ஒன்றைத்தான் சொல்வார்கள். எங்கள் பாட்டிகள் அதை ‘புள்ளிக் கோலம்’ என்பார்கள். காரணத்தை 1979இல் எர்மென்ட்ராவ்ட், கவன் என்ற இருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். தலையின் பின்பக்கம் பார்வைக்கான மூளைப் பகுதி இருக்கிறது. அங்கே நரம்புச் செல்கள் ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் இயங்குகின்றன. வெளியிலிருந்து தெளிவான படம் வராதபோது அந்தத் தூண்டல் வரிவரியாக ஒழுங்குபட்டு ஓடும். பார்வைக் களத்தின் நடுப்பகுதிக்கு மூளையில் அகலமான இடமும் ஓரங்களுக்குக் குறுகிய இடமும் ஒதுக்கப்பட்டிருப்பதால், மூளையில் நேர்க்கோடாக இருப்பது நமக்கு வட்டமாகவோ சுருளாகவோ சுரங்கமாகவோ தெரியும். அதாவது அந்தக் கோலத்தில் நாம் பார்ப்பது நம் மூளையின் நெசவை. இதைப் படித்துப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்னும் மறக்கவில்லை.

கண்ணே தேவையில்லை என்பதற்கும் சான்று உண்டு. இங்கிலாந்தில் 1968இல் பிரிண்ட்லி, லெவின் இருவரும் பார்வை இழந்த ஒரு பெண்மணியின் பார்வை மூளைமேல் மின்முனைகளைப் பொருத்தி மின்சாரம் கொடுத்தார்கள். அவருக்கு ஒளிப்புள்ளிகள் தெரிந்தன.

தூங்கப் போகும் நேரத்தில் தெரிகிறவை வேறு வகை. நான் வளர்ந்த வீட்டில் அம்மா இருட்டோடு பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கு எடுப்புக்கு)ப் போய், நெற்றி விளக்கோடு மரம் சீவிவிட்டு வருவார். மத்தியானம் படுத்துக் கண்ணை மூடினால் உளி இறங்கிய சாய்வுக்கோடும் அதில் ஊறி ஓடும் பாலும் வந்து நிற்கிறது என்பார். “தூக்கத்துலயும் வேலதான்” என்று சலித்துக்கொள்வார். பின்னர் எங்கள் தலைமுறைப் பெண்கள் பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். இரவு வேலை முடித்துக் காலையில் வந்து படுத்தால் நுண்ணோக்கியில் பார்த்த சில்லுகள் வரிசை வரிசையாக ஓடுகின்றன என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். கண் கெட்டுவிட்டதோ என்று ஒருத்தி அழுதேவிட்டாள். அமெரிக்காவில் ராபர்ட் ஸ்டிக்கோல்ட் என்ற ஆய்வாளர் 2000இல் இதைச் சோதித்தார். டெட்ரிஸ் விளையாட்டை நாள்தோறும் விளையாடவைத்து, தூங்கத் தொடங்கும்போது எழுப்பிக் கேட்டார். கட்டைகள் விழுந்துகொண்டே இருக்கின்றன என்றார்கள். புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாத நோயாளிகள் 5 பேரில் 3 பேருக்கும் அந்தக் கட்டைகள் தெரிந்தன. விளையாடியதே அவர்களுக்கு நினைவில்லை! பகலில் கற்றதை மூளை அந்த நேரத்தில் மறுபடி ஓட்டிப்பார்க்கிறது. அம்மாவுக்கு வந்த பால்மரமும் அதுதான். அதை அம்மா இருக்கும்போதே அவரிடம் சொல்ல எனக்கு வாய்த்தது.

பார்வை குறைந்த பெரியவர்களிடம்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். அவர்கள் சொல்ல வெட்கப்படுவார்கள். பழைய நாளில் பூ எடுத்த பிறகு தலையின் இருபுறமும் மணல் பை வைத்து, இரண்டு கண்ணையும் கட்டி, அசையாமல் படுக்கவைப்பார்கள். இரண்டாவது இரவில் சிலர், “சுவத்துல யாரோ போறாங்க” என்று எழுந்து உட்கார்ந்துவிடுவதை மூத்த சிஸ்டர்கள் எங்களுக்குக் கதையாகச் சொல்வார்கள். புத்தி கெட்டதால் வந்தது இல்லை அது. அமெரிக்காவில் 2004இல் வெளியான ஓர் ஆய்வில் நல்ல பார்வையுள்ள 13 பேரின் கண்ணை 5 நாள் கட்டிவைத்தார்கள். அவர்களில் 10 பேர் வடிவங்களைக் கண்டார்கள். சிலருக்குப் பொட்டும் புள்ளியும், சிலருக்கு முகங்களும் நிலக்காட்சிகளும் தெரிந்தன. வெளியிலிருந்து படம் வருவது நின்றால் மூளை தானே வரையத் தொடங்கிவிடுகிறது.

கண் திறந்திருக்கும்போதே அப்படித் தெரிபவர்களும் உண்டு. ஸ்விட்சர்லாந்தின் ஷார்ல் போனே 1760இல் தன் தாத்தாவைப் பற்றி எழுதினார். பார்வை மங்கிய அந்தப் பெரியவருக்கு 89 வயது. மனிதர்களும் பறவைகளும் வண்டிகளும் கண் முன்னால் தெரிந்தன. அவை உண்மையில்லை என்று அவருக்கே தெரியும். நம் தமிழ்நாட்டில் பிறந்த மூளையியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரனும் 1998இல் வெளிவந்த தன் நூலில் இப்படிப்பட்டவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். வார்டில் ஒரு தாத்தா, சுவர் முழுக்கச் செங்கல் அடுக்கு தெரிகிறது, நடுவில் சின்னப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள் என்று என் காதோடு சொன்னார். “மகன்கிட்ட சொல்லிடாதம்மா, தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவான்” என்றார். பேராக்கில் உள்ள அந்த மனநல மருத்துவமனையின் பெயரைக் கேட்டாலே நம் மக்களுக்கு அவ்வளவு பயம். நான் மகனைக் கூப்பிட்டு, தாத்தாவின் எதிரிலேயே எடுத்துச் சொன்னேன். பார்வை போன இடத்தில் மூளை படம் போடுகிறது, புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது, பிள்ளைகள் பேசுவதாகச் சொன்னாலோ அவர் அவற்றை நிஜம் என்று நம்பத் தொடங்கினாலோ மட்டும் டாக்டரிடம் வாருங்கள் என்றேன். தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். இதற்கு மருந்து பெரும்பாலும் அந்த விளக்கம்தான்.

தியானத்தில் புருவ நடுவே ஒளி கண்டேன் என்று சொல்பவர்களும் என்னிடம் வருவார்கள். அவர்களோடு நான் வாதாடியதில்லை. வடலூரில் வள்ளலார் 1872இல் சத்திய ஞான சபையைத் திறந்து, ஏழு திரைகளை விலக்கிச் சோதி காட்டினார். ஒளியை அகத்தில் தேடும் மரபு நம்முடையது, அதன் பொருள் என்னவென்று சொல்வது தாதியின் வேலை இல்லை. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: தியானத்தில் இல்லாதபோதும், தலையைத் திருப்பும்போதும், ஒரு கண் ஓரத்தில் மட்டும் அது வருகிறதா?

ஒற்றைத் தலைவலிக்காரர்களின் வெளிச்சத்துக்கும் தனி அடையாளம் உண்டு. நடுவில் சின்னதாகத் தொடங்கி, ரம்பப் பல் போன்ற வளைவாகப் பெரிதாகி, இருபது முப்பது நிமிடத்தில் ஓரத்துக்குப் போய் மறையும். கண்ணை மூடினாலும் தெரியும், ஏனென்றால் அது நடப்பது மூளையில். கார்ல் லாஷ்லி தனக்கு வந்ததையே வரைந்து, நேரம் குறித்து, மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று 1941இல் கணித்தார். முதல் தடவை வந்தால், அல்லது கைகால் மரத்துப் பேச்சுக் குழறினால், தலைவலி என்று தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இனிச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

கண்ணுக்குள் முட்டை வெள்ளைக்கரு போல ஒரு தெளிந்த கூழ் நிறைந்திருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேல் அது சுருங்கி, விழித்திரையைவிட்டு மெல்லப் பிரியும். கிட்டப்பார்வைக்காரர்களுக்கும், பூ எடுத்தவர்களுக்கும், கண்ணில் அடிபட்டவர்களுக்கும் இன்னும் முன்னதாகவே பிரியும். பிரியும்போது ஒட்டியிருக்கிற இடத்தில் விழித்திரையை இழுக்கும். இழுபட்ட விழித்திரை தனக்குத் தெரிந்த ஒரே சேதியைச் சொல்லும். அதனால்தான் ஓரத்தில் மின்னல் தெரிகிறது. இருட்டில், கண்ணை அல்லது தலையைச் சட்டென்று திருப்பும்போது, பிறை வடிவில் பளிச்சென்று வந்து மறையும். இங்கிலாந்து மருத்துவர் ஃபாஸ்டர் மூர் 1935இல் இதை விவரித்து, பெரும்பாலும் ஆபத்தில்லாதது என்றார். பெரும்பாலும் என்பது சரிதான். ஆனால் இப்படி அறிகுறியோடு வருகிற பத்துப் பேரில் சுமார் ஒருவருக்கு விழித்திரை கிழிந்திருக்கும். அப்படிக் கிழிந்ததைக் கவனிக்காமல் விட்டால் பாதிப் பேருக்கு விழித்திரையே கழன்றுவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது. அதனால்தான் நம் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள்.

ஜாசின் பக்கத் தோட்டத்தில் மரம் சீவி ஓய்ந்து, பாச்சாங்கில் மகள் வீட்டோடு இருந்த ஓர் அம்மா. ராத்திரி புரண்டு படுக்கும்போதெல்லாம் வலக்கண் ஓரத்தில், “யாரோ டார்ச் அடிச்சுட்டு ஓடுறாங்க மிஸி” என்றார். வீட்டில் ஏற்கனவே வாசலில் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டார்கள். நான், “அம்மா, கொசு பறக்குற மாதிரி கறுப்பா ஏதும் மிதக்குதா?” என்றேன். “நேத்துலேர்ந்து புகை போட்ட மாதிரி நெறைய பூச்சிம்மா” என்றார். அன்று பிற்பகலே மருத்துவமனை. பாப்பாவை விரித்துப் பார்த்தார்கள். குதிரை லாடம் போல் ஒரு கிழிசல். அதைச் சுற்றி லேசர் சுட்டு ஒட்டவைத்தார்கள். ஒரு மணி நேர வேலைகூட இல்லை. அந்தக் கண்ணால் அவர் இன்றும் ‘மலேசிய நண்பன்’ நாளிதழ் படிக்கிறார்.

லாரி ஓட்டிய ஓர் அண்ணனுக்கும் அதே மின்னல்தான். முதலில் ஒரு கிளினிக்கில் காட்டினார். சொட்டு மருந்து கொடுத்தார்கள், பாப்பாவை விரித்துப் பார்க்கவில்லை. சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குக் காவடி நேர்ந்திருந்ததால் மாசி மகம் கழியட்டும் என்று இருந்துவிட்டார். இதற்குள் கீழிருந்து ஒரு கறுப்புத் திரை ஏறி நடுப்பார்வையை மறைத்துவிட்டது. அறுவை செய்து விழித்திரையை மீண்டும் ஒட்டினார்கள். சுவிட்சர்லாந்தின் ழூல் கோனான் 1920களில் கிழிசலை அடைத்தால் விழித்திரை ஒட்டும் என்று காட்டும்வரை, இப்படிக் கழன்ற கண் போனது போனதுதான். அதை நினைத்தால் அண்ணனுக்குப் பார்வை திரும்பியதே பெரிது. ஆனால் நடுப்பகுதி கழன்றுவிட்ட பிறகு வந்ததால் அந்தக் கண்ணால் எழுத்துப் படிக்க முடியவில்லை, லாரி உரிமமும் போயிற்று. ஆண்டவர் காவடியைத் தள்ளிப்போட்டாலும் ஏற்றுக்கொள்வார், விழித்திரை காத்திருக்காது என்று அதன்பின் ஒவ்வொரு மாசிக்கும் முன்னால் கோயிலில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இதில் இரட்டை ஆபத்து. 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவின் வயதுவந்த இந்தியர்களில் 31.4 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தது. மற்ற எந்த இனத்தையும்விட நாம்தான் அதிகம். சர்க்கரை முற்றினால் விழித்திரையில் புதிய குழாய்கள் முளைத்து, ரத்தம் கசிந்து, தழும்பாகி, விழித்திரையை இழுக்கும். மின்னலோ மிதக்கும் கறுப்போ வரும்வரை காத்திருக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும், அரசு சுகாதார கிளினிக்குகளில் கேட்டாலே ஏற்பாடு செய்வார்கள்.

ஆகவே யார் வந்தாலும் நான் கேட்பது இவைதான். ஒரு கண்ணிலா, இரண்டிலுமா? (ஒவ்வொன்றாகக் கையால் மூடிப் பார்த்துச் சொல்லச் சொல்வேன்.) எப்போது தொடங்கியது? ஓரத்திலா, நடுவிலா? தலையைத் திருப்பினால் வருகிறதா? கறுப்பாக ஏதும் மிதக்கிறதா? திரை விழுந்தது போல் ஒரு பக்கம் மறைகிறதா? நெடுநாளாக இருக்கிற, இரண்டு கண்ணிலும் தெரிகிற, தூங்கும்போது வருகிற வண்ணமும் கட்டமும் சுருளும் உங்கள் சொந்தச் சொத்து. நிம்மதியாக அனுபவியுங்கள். புதிதாக, ஒரு கண்ணில், ஓரத்தில் மின்னல் வந்தால், அதோடு பூச்சியோ திரையோ சேர்ந்தால், அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். போகும்போது காடியை நீங்கள் ஓட்ட வேண்டாம், கூட ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். பாப்பாவை விரிக்க மருந்து ஊற்றுவார்கள், அதன்பின் சில மணி நேரத்துக்குப் பார்வை மங்கலாகவே இருக்கும்.